கருவைக் கண்டார், தாயைக் கண்டிலர்

கருச்சிதைவு அறமா, அறக்கேடா என்னும் வினா இந்நாட்டில் எழுந்தபோதெல்லாம் அதற்கு விடை கூற முன்வந்தோர் மதத் தலைவர்களும் சட்ட அறிஞர்களும் வைத்தியர்களுமே. 1995ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்த முற்பட்டபோது, வல்லுறவு, இரத்த உறவினரின் தகாப் புணர்ச்சி, கருவின் கடும் ஊனம் ஆகிய காரணங்களுக்காகச் சிதைவை அனுமதிக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டது. பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது; திருத்தத்தின் ஏனைய பகுதிகள் நிறைவேறின. 2017ஆம் ஆண்டில் நீதியரசர் அலுவிகாரை தலைமையில் அமைந்த குழுவொன்று வல்லுறவு, கருவின் கடும் ஊனம் என்னும் இரு காரணங்களையேனும் ஏற்கலாம் எனப் பரிந்துரைத்தது. மீண்டும் மதத் தலைவர்கள் மறுத்தனர்; மீண்டும் ஒன்றும் நடக்கவில்லை. எமது மதங்கள் யாவும் இதனை விலக்குகின்றன, எனவே சட்டம் இருந்தபடியே இருக்கட்டும் என்பதே இருமுறையும் கூறப்பட்ட மறுப்பின் சாரம்.

இம்மறுப்பை இலக்கியம் பயில்வோர் என்ற நிலையில் நின்று சிறிது ஆராய விரும்புகிறோம். நூல்களைக் காட்டி வழக்காடுவோர் அந்நூல்களை ஒழுங்காகப் படித்தனரா எனக் கேட்பது விமர்சகனின் தொழிலன்றோ?

முதலிற் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இந்நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கில ஆட்சியினரால் ஆக்கப்பட்டது. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் இந்தியாவிற் சட்டமான கோவையின் வழிவந்தது அது. அதன் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கென நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது ஒன்றைத் தவிர, கருச்சிதைவு அனைத்தையும் குற்றமாக்குகிறது. தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்பவளும் குற்றவாளியே. தண்டனை மூன்றாண்டு வரையான சிறை. சிசு வயிற்றில் அசையத் தொடங்கிய பின்னராயின் ஏழாண்டு வரை. இதனை எமக்குத் தந்த பிரித்தானியா 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திற்று. நம்மோடு அதனைப் பெற்ற இந்தியா 1971இல் தளர்த்திற்று. நாம் மட்டும் விக்டோரியா மகாராணியார் காலத்து ஒழுக்கத்தைப் பௌத்த, சைவ, இஸ்லாமிய, கத்தோலிக்கப் பண்பாடு எனப் பெயரிட்டுப் பேணி வருகிறோம். இன்னொன்றும் கூறவேண்டும். கொலைக்கு மரண தண்டனை விதிக்கும் அதே சட்டக்கோவை இதற்கு மூன்றாண்டும் ஏழாண்டுமே விதிக்கிறது. கருச்சிதைவு கொலையே என மேடையில் முழங்குவோருள் ஒருவரேனும் அப்பெண்ணைத் தூக்கிலிடுக எனக் கேட்டதாக நாம் அறியோம். அவர்களின் சொல்லை அவர்களின் நெஞ்சமே முழுதும் நம்பவில்லை போலும்.

இனி மத நூல்களுக்கு வருவோம். தேரவாத பௌத்தரின் விநய பிடகத்தில் மனித உயிரைப் போக்குதல் மூன்றாவது பாராஜிகம். தாயின் வயிற்றில் முதல் விஞ்ஞானம் தோன்றியது தொட்டு மரணம் வரையுள்ளதே மனித உயிர் என்னும் வரையறையும் அங்கே உண்டு. இவ்வரையறையை எடுத்துக்காட்டுவோர் அத்துடன் நூலை மூடிவிடுகின்றனர். தொடர்ந்து வரும் வழக்குகளைப் படித்தல் வேண்டும். கணவன் வேற்றூர் சென்றிருக்கையில் பிறனொருவனாற் கருவுற்ற பெண், தன் வீட்டுக்கு வழக்கமாக வந்துசெல்லும் பிக்குவிடம் மருந்து கேட்கிறாள். மனைவியர் இருவருள்ள வேறொரு வீட்டில் பிள்ளையில்லாதவள் மற்றவளின் கருவை அழிக்க மருந்து கேட்கிறாள். பெற்றவளே குடும்பச் சொத்து முழுவதற்கும் தலைவியாகிவிடுவாள் என்ற அச்சம் அவளுக்கு. சிசு இறந்து தாய் பிழைத்தால் மருந்து கொடுத்த பிக்கு பாராஜிகத்துக்கு உள்ளாகிச் சங்கத்தை இழக்கிறான். தாய் இறந்து சிசு பிழைத்தாலோ அதனினும் குறைந்த குற்றமே. ஏனெனில் அவன் கருதியது சிசுவின் சாவை. எண்ணத்தையே அளவுகோலாகக் கொண்ட நெறிக்கு இது பொருந்தும் எனினும், தாயின் பிணத்தருகே நின்று இவ்வேறுபாட்டைக் காணும்போது நமக்கு மனம் கூசுகிறது.

ஆயினும் நாம் கவனிக்கத்தக்கது பிறிதொன்று. விநயம் என்பது துறவிக்கு விதித்த ஒழுங்கு. மருந்து கேட்ட பெண்ணை அரசன் சிறையிடுக என அவ்வழக்குகள் கூறவில்லை. கூறாதது மட்டுமன்று, அவள் ஏன் கேட்டாள் என்பதையும் எழுதி வைத்துள்ளன: கணவனுக்கு அஞ்சினாள், சொத்தை இழக்க அஞ்சினாள். அவளது காரணம் அன்று பதிவு பெற்றது. 303ஆம் பிரிவிலோ, உயிர் போகும் நிலையொன்றைத் தவிர, எந்தக் காரணத்திற்கும் இடமில்லை. 1948ஆம் ஆண்டிலேயே சிதைவுக்குச் சட்டம் வழிவிட்ட ஜப்பானில், பிறவாத சிசுவை நீர்க் குழந்தை என அழைத்து, ஜிஸோ போதிசத்துவரின் சிலைக்குச் செந்துணி அணிவித்துச் சடங்கு செய்யும் வழக்கம் பரவிற்று. அதனை வாணிபமாக்கிய கோயில்களும் உண்டு. அதனை நாம் பாராட்டவில்லை. ஆனால் ஒருத்தி தன் கருவைச் சிதைத்தும் அதற்காக அழவும் கூடும் என்பதை ஒப்புக்கொண்ட பௌத்தம் ஒன்று உலகில் உண்டு என்பதை இங்குள்ளோர் அறிதல் நன்று.

கத்தோலிக்கத் திருச்சபை கருச்சிதைவை எக்காலத்தும் பாவமெனவே கொண்டது. எனினும் அது எவ்வகைப் பாவம் என்பதில் ஒரே கருத்து நிலவியதில்லை. அரிஸ்டோட்டிலைப் பின்பற்றிய புனித தோமஸ் அக்குவைனாஸ், மனித ஆன்மா கருவுற்ற கணமே வருவதன்று, உடல் உருப்பெற்ற பின்னரே வருவது எனக் கொண்டார். ஆணுக்கு நாற்பதாம் நாள், பெண்ணுக்குத் தொண்ணூறாம் நாள். (பெண்ணின் ஆன்மா ஏன் ஐம்பது நாள் தாமதித்து வரவேண்டும் என்பதைப் பெண்கள் எவரும் கேட்கும் நிலையில் அன்று இல்லை.) 1588இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இவ்வேறுபாட்டை நீக்கினார், மூன்றே ஆண்டுகளில் பதினான்காம் கிரகோரியார் மீண்டும் கொணர்ந்தார், 1869இல் ஒன்பதாம் பயஸ் தண்டனையளவில் அதனை ஒழித்தார். இஸ்லாமிய நூல்களிலும் படிநிலை நோக்கு உண்டு. கரு துளியாய், கட்டியாய், தசையாய் வளர்வதைக் குர்ஆன் கூறுகிறது. நூற்றிருபதாம் நாளில் உயிர் ஊதப்படுகிறது என்பது ஹதீதை அடியொற்றிய பெருவழக்கு. அதற்கு முன்னர் தக்க காரணத்தோடு சிதைத்தலை ஹனபி அறிஞர் பலர் அனுமதித்தனர். மாலிக்கிகள் பெரும்பாலும் மறுத்தனர். இமாம் கஸ்ஸாலி தொடக்கத்திலேயே குற்றமென்றும், படிதோறும் அக்குற்றம் வளருமென்றும் கொண்டார். முஸ்லிம் நாடாகிய துனீசியா 1973இல் முதல் மூன்று மாதங்களுள் பெண்ணின் விருப்பத்திற்கே இதனை விட்டது. மதம் ஒருமுகமாகப் பேசுகிறது என்பார்க்கு இவை போதும்.

நம் பக்கத்தை நாம் விட்டுவிடுதல் முறையாகாது. இந்து தர்ம நூல்களில் கருவழித்தல் பிரூணஹத்தி எனப்படும் மாபாதகம். சைவ மேடைகளில் இச்சொல் உரத்து ஒலிக்கும். ஆனால் ஏன் பாதகம்? வசிட்டர் பெயரால் வழங்கும் தர்மசூத்திரம் காரணம் கூறுகிறது. பிராமணனைக் கொன்றவனும், ஆணோ பெண்ணோ என அறியப்படாத கருவை அழித்தவனும் பிரூணஹத்தி செய்தவராவர். ஏனெனில் பால் அறியப்படாத கரு ஆணாகக்கூடும். காக்கப்பட்டது உயிரன்று, ஆணாகப் பிறக்கக்கூடும் என்ற வாய்ப்பு.

இதனைப் பழங்கதை என ஒதுக்கிவிட முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்கேன் கருவி இந்திய நகரங்களுக்கு வந்தது. சூத்திரகாரர் அறிய முடியாதிருந்த ஒன்றை அக்கருவி அறிவித்தது. பால் அறியப்பட்டது, அறியப்பட்டதும் பெண் கருவுக்கு இருந்த பாதுகாப்பு நீங்கிற்று. பெண் கருவைத் தேடி அழிக்கும் கொடுமையைத் தடுக்க இந்தியா 1994இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. சூத்திரத்தைப் போற்றிய குடும்பத்தவரே ஸ்கேன் நிலையத்தின் வாசலிலும் நின்றனர் எனில், அதில் முரண் ஏதும் இல்லை. இரண்டிடத்தும் அவர்கள் ஒரே நியாயத்தையே பின்பற்றினர். கருச்சிதைவு பெண்ணின் தெரிவு, அதற்குமேற் பேச ஒன்றுமில்லை எனக் கூறும் நண்பர்களும் இங்கே சற்று நிற்றல் வேண்டும். மாமியாரும் சீதனமும் சேர்ந்து நெருக்கி ஒருத்தியை அக்கட்டிலில் கிடத்தும்போது, தெரிவு செய்தவர் யார்?

தமிழிலக்கியத்தில் கரு எவ்வாறு காட்சியளிக்கிறது? புறநானூற்றின் எழுபத்து நான்காம் பாட்டு சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதெனப்படும். சிறையில் நீர் வேட்கையால் வாடும் மன்னன், தன் குலவழக்கத்தை நினைந்து நாணுகிறான். இறந்து பிறந்த குழவியாயினும், உருவற்ற தசைப்பிண்டமாயினும், அது ஆளன்று என விலக்காமல் வாளாற் கீறும் மறக்குடியிற் பிறந்தவன் அவன். மேல்நாட்டு மெய்யியலார் இன்று ஆளா அன்றா எனத் தலையை உடைத்துக்கொள்ளும் அதே வினாவைத் தமிழ்ச் சமுதாயம் ஒருகாற் கேட்டு விடையும் கண்டிருந்தது: போர்க்குடிக்கு வீரர் தேவை, ஆகவே பிண்டமும் ஆளே. ஆள் என்னும் தகுதியைச் சமுதாயம் தன் தேவைக்கேற்ப வழங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பதரிது. அவ்வாள்வெட்டைப் பார்த்துக்கொண்டு பேற்றுப் பாயிற் கிடந்தவளைப் பற்றிப் பாட்டில் ஒன்றுமில்லை.

மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் வேறு வகையானது. கருவில் உயிர் திங்கள்தோறும் தப்பிப் பிழைக்கும் இடர்களை அது அடுக்கிச் சொல்கிறது. தமிழில் கருவின் பக்கம் நின்று பேசிய குரல் இதுபோற் பிறிதில்லை எனலாம். வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்கும்தோறும் நாம் உருகாதிருந்ததில்லை. கருவைத் துச்சமாக எண்ணுவோர் இதனை ஒருமுறை படித்தல் வேண்டும். எனினும் ஒன்பது திங்களும் அங்கே தாயென்பவள் உயிர் தங்கும் இடம் மட்டுமே. பத்தாம் திங்களிலேதான் அவளும் துன்பக் கடலிற் பங்காளியாகிறாள். அவள் சுமந்த சுமையைப் பட்டினத்தார் விரித்துப் பாடினார். அதுவும் தாய் இறந்தபின், சிதையின் முன் நின்று.

பெண்ணின் இடத்திலிருந்து வினாவைத் தொடங்கிய மெய்யியற் கட்டுரை 1971இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜூடித் ஜார்விஸ் தொம்சன் என்னும் பேராசிரியை எழுதியது. எதிர்த்தரப்பார் வேண்டுவதை அவர் வாதத்திற்காக முழுதும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்: கருவுற்ற கணமே கரு ஒரு மனித ஆள் என வைத்துக்கொள்வோம். பின்னர் ஒரு கற்பனை. நீங்கள் கண்விழிக்கையில் உங்கள் உடலோடு புகழ்பெற்ற வயலின் வித்துவான் ஒருவரின் உடல் இணைக்கப்பட்டிருக்கிறது. அவரது சிறுநீரகம் கெட்டுவிட்டது. உங்கள் குருதிவகை ஒன்றே பொருந்தும். இசை அன்பர் சங்கத்தார் இரவில் உங்களைக் கடத்தி வந்துவிட்டனர். ஒன்பது மாதம் பொறுத்தால் அவர் பிழைப்பார்; இப்போது துண்டித்தால் இறப்பார். வித்துவானுக்கு உயிர்வாழும் உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமை உங்கள் உடலைப் பயன்படுத்தும் உரிமையாகுமா? இணைந்திருத்தல் பெருங்கருணை, கடமையன்று என்பது அவர் முடிபு.

இக்கட்டுரையின் சிறப்பு, ஆளா அன்றா என்னும் வினாவோடு வழக்கு முடிந்துவிடுவதில்லை எனக் காட்டியமை. அவர் ஒருதலையாகப் பேசவுமில்லை. வெளிநாட்டுப் பயணம் தடைப்படுமென்று ஏழாம் மாதத்தில் சிதைப்பது பண்பன்று என அவரே எழுதுகிறார். சட்டம் எந்த ஆண்மகனிடமும் அயலானைக் காக்க ஒரு சிறு உதவியைக்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்பதில்லை, பெண்ணிடம் மட்டும் ஒன்பது மாதத் தியாகத்தைக் கேட்கிறது என்னும் இடம் அக்கட்டுரையின் உயிர்நாடி.

குறையும் அவ்வுவமையிலேயே இருக்கிறது. வித்துவான் அந்நியர், கரு அந்நியமன்று. பட்டினத்தாரைப் படித்த நாம் இவ்வேறுபாட்டை ஏற்காதிருத்தல் இயலாது. அதனினும் பெரிய குறை, கட்டிலிற் கிடக்கும் அந்த ‘நீங்கள்’ யார் என்பது. அவருக்கு வகுப்பில்லை, வறுமையில்லை, கணவனில்லை, ஏற்கெனவே பசித்திருக்கும் பிள்ளைகள் இல்லை. ஒன்பது மாதம் கழிந்ததும் எழுந்து வீடு செல்வார். வித்துவானும் தம் வழியே செல்வார். பிள்ளைப்பேறு அவ்வாறு முடிவதா? தன் உடல் தன் சொத்து என்பது தனியுடைமைச் சமுதாயத்தின் மொழி. அம்மொழியில் வென்ற உரிமை எவ்வளவு உறுதியானது என்பதையும் அமெரிக்காவே காட்டிற்று: 1973இல் உயர்நீதிமன்றம் அந்தரங்க உரிமையின் பெயரால் வழங்கியதை 2022இல் அதே நீதிமன்றம் மீளப் பெற்றுக்கொண்டது.

தொம்சன் விட்ட இடத்தை நிரப்பும் நூலாக, 2022இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனி எர்னோ 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நிகழ்வு’ என்பதைக் கூறலாம். சிறு மளிகைக்கடையும் தேநீர்க்கடையும் நடத்திய பெற்றோரின் மகள். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவள். 1963இல், மாணவியாய் இருக்கையில் கருவுறுகிறாள். பிரான்சில் அப்போது அது குற்றம். 1975இலேயே அச்சட்டம் தளர்ந்தது. தன் வகுப்பிலிருந்து தப்பிவிட்டதாக எண்ணியிருந்தவளை, ஏழைக் குடியின் விதி வயிற்றின் வழியே வந்து பிடித்துக்கொண்டதாக அவர் உணர்கிறார். வைத்தியர்கள் சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்குகின்றனர். முடிவிற் பாரிஸில் ஒரு தாதி உதவியாளர் நானூறு பிராங்குக்குச் செய்கிறார். விடுதியறையிற் சிதைவு, பின் பெருங்குருதிப் போக்கு, ஆஸ்பத்திரி.

அங்கே இளம் வைத்தியர் ஒருவர் அவர்மீது எரிந்துவிழுகிறார். பின்னர், அவர் பல்கலைக்கழக மாணவி என அறிந்ததும் வைத்தியருக்குச் சங்கடம். நீங்களும் அவரைப் போன்றவர்தாம் என்பதை ஏன் முன்னரே சொல்லவில்லை எனத் தாதி ஒருத்தி கேட்கிறாள். ஆலைப் பெண்ணையும் கடைப் பெண்ணையும் ஏசலாம். படித்தவளை ஏசியது பிழையாகிவிட்டது! எத்தனை மெய்யியல் நூல்கள் திரட்டினாலும் இத்தாதியின் ஒரு வினா உணர்த்துவதை உணர்த்தமாட்டா. எர்னோ பாவமன்னிப்புக்காகக் குருவானவரிடமும் செல்கிறார். தாம் ஒளியில் நிற்பதாக உணர்ந்த வேளையில் அவர் கண்ணுக்குத் தாம் குற்றவாளியாகவே தெரிவதைக் கண்டு, மதத்தின் காலம் தமக்கு முடிந்தது என்றறிந்து வெளியேறுகிறார். அக்குரு கொடியவரல்லர். நூலைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே நிற்பவளைக் காணாதவர், அவ்வளவே.

முற்போக்காளர் இவ்விடத்தில் மார்தட்டிக்கொள்வதற்கும் இல்லை. சோவியத் அரசு 1920இல் உலகில் முதன்முதலாகக் கருச்சிதைவைச் சட்டபூர்வமாக்கி வைத்தியசாலைக்குள் கொணர்ந்தது, அது பெருஞ்சாதனை. 1936இல் அதே அரசு அதனைத் தடைசெய்தது. 1955இல் மீண்டும் அனுமதித்தது. இம்முப்பத்தைந்து ஆண்டில் கருவின் இயல்பு மாறிற்றா? அரசின் பிள்ளைத் தேவையே மாறிற்று. உருமேனியாவில் 1966இல் வந்த ஆணை இன்னும் கொடியது. 1989இல் அவ்வாட்சி வீழ்ந்த உடனேயே அதனை நீக்கினர். மறக்குடி மன்னன் வாளால் செய்ததைச் சோசலிசப் பெயர் தாங்கிய அரசு பொலிசாரைக் கொண்டு செய்தது என்பதே நம் கணிப்பு. பெண்ணைக் கருவறையாக மட்டும் காண்பது மதவாதிகளுக்கே உரிய பிழை என நம்மவர் எண்ணுவது வசதியான எண்ணம்.

நம் கதாசிரியர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். மணமாகாது கருவுற்ற பெண்ணை எத்தனை காலத்துக்குக் கிணற்றுக்கு அனுப்புவீர்கள்? கிணறு இல்லையேல் கடைசிப் பக்கத்தில் தாலி. இரண்டுக்கும் இடையே உண்மையான பெண்கள் செல்லும் வழியொன்று உண்டு. கட்டுநாயக்காவின் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள், தோட்டத்து லயத்தில் வாழ்பவள், போரில் கணவனை இழந்த வன்னிப் பெண் ஆகியோர் அவ்வழியை அறிவர். பணமுடையவளுக்கு அது நகரத்துத் தனியார் மருத்துவமனையின் பின்கதவு, அல்லது சென்னைக்கு ஒரு விமானச்சீட்டு. மற்றவளுக்குப் பெயர்ப்பலகையற்ற அறை. மூத்த வகுப்புகளிற் கற்பிக்கும் ஆசிரியர் எவரும், இடாப்பில் ஒரு பெயர் காரணமின்றி வெட்டப்பட்டதையும், அதுபற்றி ஆசிரியர் அறையிற் குரல்கள் தாழ்ந்ததையும் கண்டிருப்பர். அப்பெண்ணின் கதையை ஒருவரும் எழுதவில்லை, கிணற்றை எழுதினர்.

இன்னொருத்தியும் எழுதப்படாதிருக்கிறாள். இந்நாட்டில் கருச்சிதைவை நாடுவோரில் மணமான பெண்களே மிகுதி என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவள் வல்லுறவுக்கு ஆளானவளென வழக்குப் பதியப்பட்டவள் அல்லள். அவள் கரு ஊனமுற்றதும் அன்று. கைக்குழந்தை ஒன்று, பள்ளி செல்வன இரண்டு, குடிக்கும் கணவன், நாட்கூலி. 2017ஆம் ஆண்டுக் குழு திறக்க முயன்ற இரு வாயில்களும் நாளையே திறந்துவிட்டாலும், அவற்றுள் எதன் வழியேனும் அவள் உள்ளே நுழைய முடியாது.